ஒரே ஒரு கறுப்புப் பந்து! உலக சாம்பியன் அனுபமாவின் மேசையைச் சுற்றி ஒரு ரவுண்டு

ஸ்கோர் 61-60. மேசையில் மிச்சம் இருப்பது கறுப்புப் பந்து ஒன்றுதான். அதற்கு 7 பாயின்ட். யார் குழிக்குள் தள்ளுகிறாரோ அவர்தான் உலக சாம்பியன்!

2025 நவம்பர், கத்தார் நாட்டின் தோஹா. சர்வதேச பில்லியர்ட்ஸ் மற்றும் ஸ்நூக்கர் சம்மேளனத்தின் உலகப் பெண்கள் ஸ்நூக்கர் இறுதிப் போட்டி. ஒரு பக்கம் ஹாங்காங்கின் இங் ஆன் யீ. 2015, 2017, 2018 என்று மூன்று முறை உலகப் பெண்கள் பட்டத்தைத் தூக்கியவர். இன்னொரு பக்கம் நம்ம சென்னைப் பிள்ளை, 23 வயது அனுபமா ராமச்சந்திரன். ஐந்து ஃபிரேம்களில், அதாவது சுற்றுகளில், ஆளுக்கு இரண்டு வென்றாகிவிட்டது. கடைசி ஃபிரேமிலும் ஒரே ஒரு பாயின்ட்தான் வித்தியாசம். ஆன் யீ கறுப்பைக் குறி வைத்தார். விழவில்லை! அனுபமா குனிந்தார், அடித்தார், கறுப்பு உள்ளே போனது. 68-60. ஆட்டம் 3-2. பதினைந்து சிவப்புப் பந்து வைத்து ஆடும் முழு ஸ்நூக்கரில் இந்தப் பட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண்!

ஐந்து ஃபிரேம் ஸ்கோரையும் வரிசையாகப் பாருங்கள்: 51-74, 65-41, 10-71, 78-20, 68-60. மொத்தமாகக் கூட்டினால் அனுபமாவுக்கு 272, ஆன் யீக்கு 266. ஒரு கறுப்புப் பந்தின் மதிப்பைவிடக் குறைவான இடைவெளி! அந்தக் கடைசிக் கறுப்பைக் கழித்துவிட்டால் 265-266. இறுதிப் போட்டி முழுக்க எடுத்த பாயின்ட்களில் ஆன் யீதான் ஒன்று முன்னால் இருந்திருப்பார். கூட்டிப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது!

அந்த ஒரு அடிக்குப் பின்னால் என்னென்ன இருக்கிறது? மேசை, துணி, கம்பு, சாக்கட்டி, அக்காமார்கள், ஊட்டி மலை... வாங்க, திரையை விலக்கி உள்ளே போய்ப் பார்த்துவிடலாம்.

பச்சைத் துணிக்கு அடியில் பாறை!

டிவியில் பார்த்தால் ஏதோ பச்சைத் துணி விரித்த பெரிய மேசை. பக்கத்தில் போய் நின்றால்தான் அதன் கனம் புரிகிறது. ஆடும் பரப்பு ஏறத்தாழ 12 அடிக்கு 6 அடி. துணிக்கு அடியில் இருப்பது பலகை இல்லை, ஸ்லேட் பாறை! வழக்கமாக ஐந்து பாளங்களைச் சேர்த்து, இணைப்பு கைக்கே தெரியாதபடி மட்டம் பார்த்துப் பூட்டுகிறார்கள். மொத்த எடை ஒரு டன்னைத் தாண்டும். மாடியில் ஸ்நூக்கர் கூடம் தொடங்க நினைப்பவர் முதலில் கேட்க வேண்டிய ஆள் இன்ஜினீயர்தான். கம்பைப் பின்னால் இழுத்து அடிக்க இடம் வேண்டுமே, அதற்காக ஒரு மேசைக்கு 22 அடிக்கு 16 அடி அறை கேட்கும்.

நாகர்கோவிலில் மாடியில் இருக்கும் ஒரு கூடத்துக்கு, ஆட்கள் வருவதற்கு முன்னாலேயே போய்விட்டேன். மேசையைக் குளிப்பாட்டிச் சீவிச் சிங்காரிக்கிற நேரம் அதுதான். ஸ்கோர் எழுதும் மார்க்கர் அண்ணாச்சி கையில் நீளமான பிரஷ், பக்கத்தில் சூடேறிக்கொண்டிருக்கும் இரும்புப் பெட்டி. துணிக்கெல்லாம் இஸ்திரி போடுவார்களா என்று கேட்டேன்.

“போடாம பின்ன? ஆனா ஒரு பக்கமாத்தான் போடணும் மக்களே. இந்தா, இந்த மஞ்சப் பந்து பக்கத்துல இருந்து கறுப்புப் பந்து பக்கத்துக்கு. திருப்பித் தேய்ச்சியோ, துணி கோவிச்சுக்கிடும் பாத்துக்கோ.”

கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். ஒரு பக்கமாகத் தடவினால் வழுவழுவென்று போகிறது. எதிர்ப்பக்கம் தடவினால் மெல்லிய மயிர்கள் விரலைப் பிடித்து நிறுத்துகின்றன. கம்பளித் துணி அல்லவா! மெதுவாக உருளும் பந்து இந்த மயிர் சாய்ந்திருக்கும் போக்குக்கு ஏற்ப மயிரிழை அளவு விலகிப் போகும். அந்த மயிரிழைதான் கடைசிக் கறுப்பு விழுவதையும் விழாததையும் முடிவு செய்கிறது.

நம்ம ஊருக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் வாங்குகிற மண் இது. காற்றில் ஈரம் ஏறினால் துணி கனக்கும், பந்து சீக்கிரமே சோர்ந்து நிற்கும், மேசை ஓரத்துக் குஷனில் பட்டுத் திரும்பும் வேகமும் மாறிவிடும். “ஆனி ஆடிச் சாரல்ல ஆடுகவன் கொஞ்சம் ஓங்கித்தான் அடிக்கணும்” என்றார் அண்ணாச்சி. பெரிய போட்டிகளில் மேசைக்கு அடியிலேயே ஹீட்டர் வைத்துத் துணியைக் காய்ந்தபடி வைத்திருப்பார்கள். அங்கே பந்து சறுக்கிக்கொண்டு ஓடும். ஈரக்காற்று அடிக்கிற ஊரில் பழகிய பெண், உலகப் போட்டியில் கால் வைத்ததும் செய்யும் முதல் வேலை, அந்த மேசையின் வேகத்தைக் கைக்குப் பழக்குவது. பயிற்சிக்குக் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் இதைச் செய்து முடிக்க வேண்டும்!

கியூ பெட்டியைத் திறக்கலாம்!

அடுத்தது, சாம்பியன்கள் தூங்கும்போதுகூடப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும் அந்த நீளப் பெட்டி. உள்ளே கியூ என்கிற கம்பு. விதிப்படி 3 அடிக்குக் குறையக் கூடாது. பெரும்பாலானவர்கள் 57, 58 அங்குலம் வைத்திருக்கிறார்கள். எடை அரைக் கிலோவுக்கு முன்னே பின்னே. முன்பகுதி ஆஷ் மரம். கண்ணுக்கு நேராகப் பிடித்தால் மரத்தின் ரேகைகள் அம்பு முனையாகக் கூம்பி வருவது தெரியும். ஆட்டக்காரர் குறி பார்க்கும்போது அந்த ரேகையும் கண்ணுக்குத் துணை. பிடிக்கிற பகுதி கருங்காலியில் செய்ததாக இருக்கலாம். விமானத்தில் கொண்டுபோக வசதியாக, முக்கால் பங்கில் திருகிக் கழற்றும் கியூக்களும் உண்டு.

மொத்தக் கியூவிலும் பந்தைத் தொடுவது நுனியில் இருக்கும் தோல் வில்லை மட்டும்தான். அதுதான் டிப். குறுக்களவு ஒரு செ.மீ.கூட இருக்காது! புது டிப் ஒட்டினால் உடனே கைக்குப் பழகாது. வட்டமாக அரத்தால் ராவி, அடித்து அடித்து இறுக்கி, தன் கைக்கு வரும்வரை பொறுக்க வேண்டும். போட்டிக்கு முந்தின நாள் டிப் பிய்ந்துவிட்டது என்று சொன்னால், ஸ்நூக்கர் ஆடுகிறவர்கள் முகத்தில் ரத்தம் வற்றிவிடுகிறது. அவ்வளவு பயம்!

ஒவ்வொரு அடிக்கும் முன்னால் டிப்பில் சாக் பூசுவதைப் பார்த்திருப்பீர்கள். சும்மா பழக்கதோஷம் இல்லை. வெள்ளைப் பந்தின் ஓரத்தில் அடிக்கும்போது டிப் வழுக்காமல் பிடிப்பது அந்தத் தூளால்தான். வழுக்கினால் வெள்ளை எங்கேயோ, குறி எங்கேயோ!

ஒரு கியூ நேராகப் போகிறதா என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. அண்ணாச்சி செய்து காட்டினார். வெள்ளைப் பந்தைப் பழுப்புப் பந்தின் புள்ளியில் வைத்தார். மேசையின் நடுக்கோட்டில் நீலம், இளஞ்சிவப்பு, கறுப்புப் பந்துகளுக்கான புள்ளிகள் வரிசையாக இருக்கின்றன. அந்தப் புள்ளிகளின் மேலேயே பந்தை அனுப்பி, எதிர்க் குஷனில் முட்டி, அதே கோட்டில் திரும்பி வரச் செய்ய வேண்டும். அடித்தார். கியூவை அசைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். பந்து போனது, முட்டியது, புள்ளி மேல் புள்ளியாகத் திரும்பி வந்து, டிப்பில் ‘டொக்’கென்று முத்தமிட்டது! நான் கை தட்டிவிட்டேன்.

“இது ஒண்ணை மட்டும் நாள் முழுக்க அடிச்சா, முதுகு வலிக்கும், சலிக்கும். சலிச்ச பொறவும் அடிக்கவன்தான் ஆட்டக்காரன்” என்றவர், என்னைப் பார்த்துவிட்டு, “ஆட்டக்காரியும்தான்” என்று சேர்த்துக்கொண்டார். மனசு நிறைந்துவிட்டது!

பிச்சிப்பூ விழுந்தாலும் ஃபவுல்!

பெண் வாசகர்கள் இங்கே கொஞ்சம் கிட்டே வாருங்கள். கியூ நுனி வெள்ளைப் பந்தில் படலாம். அதைத் தவிர எது எந்தப் பந்தில் பட்டாலும் ஃபவுல்! துப்பட்டா நுனி, வளையல், தொங்கும் சங்கிலி, முன்னால் விழும் பின்னல் எல்லாமே கணக்கு. தோவாளைச் சந்தையில் வாங்கி ஆசையாய் வைத்த பிச்சிப்பூவில் ஒன்று உதிர்ந்து பந்தின் மேல் விழுந்தாலும் போச்சு. எதிராளிக்குக் குறைந்தது 4 பாயின்ட், பந்தைப் பொறுத்து 7 வரைக்கும். கடைசிப் பந்து வரை ஒரே பாயின்ட் வித்தியாசத்தில் போகிற ஆட்டத்தில் 4 பாயின்ட் என்றால் சும்மாவா?

அதனால்தான் போட்டி அறையில் சாம்பியன்கள் அவ்வளவு கச்சிதமாக இருக்கிறார்கள். தலைமுடி இறுக்கிக் கட்டியிருக்கும். கையில் நகை கிடையாது. சட்டைக்கு மேல் உடம்போடு ஒட்டிய வெயிஸ்ட்கோட். பார்க்க மிடுக்காக இருக்கிறது, சரிதான். ஆனால் அந்த வெயிஸ்ட்கோட்டுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. மேசை மேல் கவிழ்ந்து படுக்கும்போது சட்டை தொங்கிப் பந்தைத் தொடாமல் அது பிடித்து வைத்துக்கொள்கிறது!

இன்னொரு விதி. அடிக்கும்போது ஒரு காலாவது தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். 12 அடி மேசையின் நடுவில் பந்து கிடந்தால் உயரமானவர்களே திணறுவார்கள். எட்டாத பந்துக்கு ‘ரெஸ்ட்’ இருக்கிறது: நுனியில் பெருக்கல் குறி வைத்த நீளக் கம்பு. வழியில் வேறு பந்து மறித்தால் அதற்கு மேலாகக் காலை அகட்டி நிற்கும் ‘ஸ்பைடர்’ இருக்கிறது. உயரம் குறைந்த பெண்ணுக்கு இந்த ஆட்டம் வராது என்று யாராவது சொன்னால் நம்பவே நம்பாதீர்கள். ரெஸ்ட்டில் கை பழகிய பெண் எந்தப் பந்தையும் எட்டுவாள்.

வெள்ளை எங்கே நிற்கும்?

சரி, இப்போது ரகசியத்தின் மையத்துக்கு வந்துவிட்டோம். ஆட்டத்தின் கணக்கு எளிது. சிவப்புப் பந்து 15, ஒவ்வொன்றுக்கும் 1 பாயின்ட். மஞ்சளுக்கு 2, பச்சைக்கு 3, பழுப்புக்கு 4, நீலத்துக்கு 5, இளஞ்சிவப்புக்கு 6, கறுப்புக்கு 7. ஒரு சிவப்பைப் போட்டால்தான் ஒரு வண்ணப் பந்தைப் போடும் உரிமை. வண்ணப் பந்து திரும்பவும் தன் புள்ளிக்கு வந்துவிடும், சிவப்பு வராது. எல்லாச் சிவப்பும் தீர்ந்ததும் வண்ணப் பந்துகளை மஞ்சளில் தொடங்கிக் கறுப்பு வரை வரிசையாகப் போட வேண்டும். ஒவ்வொரு சிவப்புக்கும் ஒரு கறுப்பு என்று ஒன்றுகூடத் தவறாமல் முழுவதையும் முடித்தால் 147. தாய்லாந்தின் நுட்சாருட் வோங்ஹாருதாய் 2019-ல் ஒரு பயிற்சி ஆட்டத்தில் இந்த 147-ஐ எடுத்துக் காட்டினார்!

புதிதாய்ப் பார்ப்பவர்கள் குழிக்குள் விழும் பந்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆட்டம் தெரிந்தவர்கள் பார்ப்பது வெள்ளைப் பந்தை. அது எங்கே போய் நிற்கிறது? அடுத்த பந்துக்கு வழி விட்டு நிற்கிறதா? வடசேரி ஸ்டாண்டில் பஸ் ஏறும்போதே, தக்கலையில் எந்தப் பக்கம் இறங்கி நின்றால் குலசேகரம் பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று யோசித்துக்கொண்டே ஏறுவோம் இல்லையா? சாம்பியனுக்கு ஒவ்வொரு அடியும் அப்படித்தான். இந்தச் சிவப்பைப் போடும்போதே அடுத்த கறுப்பு, அதற்கடுத்த சிவப்பு என்று மூன்று இடம் தள்ளி மனசு போய் நிற்கும்.

அதற்குத்தான் வெள்ளைப் பந்தில் எந்த இடத்தில் அடிப்பது என்ற வித்தை. மேல்பக்கம் அடித்தால் முட்டிய பிறகும் முன்னால் உருண்டு போகும், அது ஃபாலோ. கீழே அடித்தால் முட்டியதும் பின்னால் ஓடி வரும், அது ஸ்க்ரூ. எதிர்ப்பந்து நேராக இருக்கும்போது, முன்னுருளலும் பின்னுருளலும் இல்லாமல் போய் முட்டினால் அங்கேயே நங்கூரம் போட்டு நிற்கும், அது ஸ்டன். இடமோ வலமோ அடித்தால் குஷனில் பட்டுத் திரும்பும் கோணமே மாறும், அது சைடு. பந்தின் குறுக்களவு 52.5 மி.மீ.தான். அந்தச் சின்ன வட்டத்துக்குள் இத்தனை வாசல்கள்!

போட வழியே இல்லாவிட்டால்? அப்போதுதான் ஆட்டம் இன்னும் சுவாரசியமாகிறது. வெள்ளையை ஒரு வண்ணப் பந்துக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். எதிராளி அடிக்க வேண்டிய பந்து அவர் கண்ணுக்கு நேராகத் தெரியாது. குஷனில் முட்ட வைத்துத்தான் தொட முடியும். இதற்குச் சேஃப்டி ஆட்டம் என்று பெயர். நாற்காலியில் உட்கார்ந்து, எதிராளி ஆடுவதைப் பார்த்துக்கொண்டு, மூச்சைச் சீராக வைத்துக்கொள்வது சாம்பியனின் பாதி உழைப்பு. தோஹாவில் மூன்றாவது ஃபிரேமை 10-71 என்று தோற்ற அனுபமா, உடனே அடுத்ததை 78-20 என்று எடுத்தாரே, அந்த இரண்டுக்கும் நடுவில் நாற்காலியில் நடந்ததுதான் எனக்கு அன்றைய ஆட்டத்தின் உச்சம். அங்கே அவர் உடைந்துபோகவில்லை!

நம் வீட்டுக் கேரம் போர்டிலும் இந்தக் கண்தான் வேலை செய்கிறது. அடிப்பது ஒன்று, ஸ்டிரைக்கர் போய் நிற்பது ஒன்று என்று இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுகிற கண். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்ற சென்னைப் பெண் காசிமாவை நினைத்துப் பாருங்கள். நாஞ்சில் நாட்டில் கேரம் போர்டு இல்லாத தெரு ஏது? அப்படியென்றால் இந்தக் கண் நம் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது!

விதி எழுதியது ஊட்டியில்!

இதைக் கேட்டால் துள்ளிக் குதிப்பீர்கள். ஸ்நூக்கர் பிறந்தது இந்தியாவில். அதன் விதிகள் எழுத்தில் வந்தது நம் தமிழ்நாட்டில்! 1875-ல் ஜபல்பூரில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ முகாமில், நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி பழைய பந்தாட்டத்தில் வண்ணப் பந்துகளைச் சேர்த்து விளையாட்டாகத் தொடங்கியது இது. (பின்னாளில் பிரதமரான சேம்பர்லின் வேறு ஆள்.) அவர் நீலகிரிக்கு வந்தபோது ஆட்டமும் கூடவே மலையேறியது. 1882-ல் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் விதிகள் எழுதி ஒட்டப்பட்டன. அங்கிருந்துதான் உலகம் சுற்றக் கிளம்பியது.

அந்தக் காலத்து வெள்ளைக்காரர் கிளப்புகளில் இந்தியர் உள்ளே போனது பெரும்பாலும் மார்க்கராக, ஸ்கோர் எழுதவும் பந்தை எடுத்துக் கொடுக்கவும்தான். பெண்களுக்கு பில்லியர்ட்ஸ் அறை மூடிய கதவு. 1958-ல் கல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் வென்று, சுதந்திர இந்தியாவின் முதல் உலக சாம்பியன்களில் ஒருவராக நின்றார். பெண்கள் வர இன்னும் காலம் பிடித்தது. ஊட்டியில் விதி எழுதிய 143-வது வருடம், அதே மாநிலத்துப் பெண் ஒருத்தி உலகப் பட்டத்தோடு வந்து நிற்கிறாள்! எனக்கு இதைவிடப் பெரிய இனிப்பு வேண்டாம்.

அக்காமார் திறந்த கதவு

அனுபமா தனியாக முளைக்கவில்லை. அவருக்கு முன்னால் ஒரு வரிசையே நின்று கதவைத் தள்ளியிருக்கிறது.

சென்னையில் பிறந்து பெங்களூரில் ஆடும் வித்யா பிள்ளையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். 2017 மார்ச், சிங்கப்பூர். உலகப் பெண்கள் ஸ்நூக்கர் இறுதிக்கு ஓர் இந்தியப் பெண் வந்தது அதுவே முதல் முறை. எதிரில் யார் தெரியுமா? அதே இங் ஆன் யீ! பதினொரு ஃபிரேம், 5-5 என்று சமமாகி, கடைசி ஃபிரேமில் 5-6 என்று கை நழுவியது. தோஹா வேறு அமைப்பு நடத்திய வேறு போட்டி. ஆனால் எதிரில் நின்றவர் அவரேதான், முடிவும் கடைசி ஃபிரேமில்தான். எட்டு வருடம் கழித்து இந்தத் தடவை தராசு நம் பக்கம் சாய்ந்தது. வித்யாவின் அந்த 5-6 இல்லாமல் அனுபமாவின் 3-2-ஐ முழுசாகப் புரிந்துகொள்ள முடியாது. ஆன் யீயைக் கடைசி ஃபிரேம் வரை இழுத்துக்கொண்டு போக ஓர் இந்தியப் பெண்ணால் முடியும் என்பதை முதலில் காட்டியவர் வித்யாதான்.

பெங்களூரின் உமாதேவி நாகராஜ், கர்நாடக அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அலுவலக கிளப்பில் டேபிள் டென்னிஸ் ஆடக் காத்திருந்த நேரத்தில் பக்கத்து பில்லியர்ட்ஸ் மேசைக்குப் போனவர், 2012-ல் உலகப் பெண்கள் பில்லியர்ட்ஸ் பட்டத்தோடு திரும்பினார். சித்ரா மகிமைராஜ் ஹாக்கி ஆடிக்கொண்டிருந்தவர். பிறகு கியூவைக் கையில் எடுத்து 2006-ல் உலகப் பெண்கள் பில்லியர்ட்ஸ் சாம்பியன் ஆனார். இந்தூரின் அமீ கமானி 2016-ல் தோஹாவில் உலக ஸ்நூக்கர் இறுதி வரை போனார். அதே அமீயும் அனுபமாவும் ஜோடி சேர்ந்து 2023-ல் பாங்காக்கில் நடந்த பெண்கள் ஸ்நூக்கர் உலகக் கோப்பையை இங்கிலாந்து ஜோடியிடமிருந்து பறித்துக்கொண்டு வந்தார்கள்!

இந்த வரிசையைக் கவனித்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். ஒவ்வொருவருக்கும் ஒரு மேசை கிடைத்திருக்கிறது. உமாதேவிக்கு அலுவலக கிளப். அனுபமாவுக்குச் சென்னையின் மயிலாப்பூர் கிளப். எதிராளியான ஆன் யீயும் சிறுமியாக இருந்தபோது அப்பா வேலை பார்த்த ஸ்நூக்கர் கூடத்தில்தான் ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டார். திறமை எங்கெங்கோ பிறக்கிறது. ஒரு பெண் பிள்ளை கூச்சமில்லாமல் நடந்து போய்க் கியூவை எடுக்கும்படி ஒரு மேசை எங்கே இருக்கிறதோ, அங்கேதான் அது சாம்பியனாக வளர்கிறது.

பூல் பக்கமும் ஒரு எட்டு!

மால்களில் பார்க்கிற சின்ன மேசை பூல். 9 அடி நீளம், பந்து கொஞ்சம் பெரிது, 57 மி.மீ. சொச்சம். குழிகளும் தாராளம். ஸ்நூக்கரில் பழகிய கைக்கு பூல் வரும் என்பதற்கு இங்கிலாந்தின் ஆலிசன் ஃபிஷரைவிடச் சாட்சி வேண்டாம். ஏழு முறை உலகப் பெண்கள் ஸ்நூக்கர் சாம்பியன் ஆனவர், 1995-ல் அமெரிக்காவுக்குப் போய் பூல் ஆடத் தொடங்கினார். 1996, 1997, 1998, 2001 என்று நாலு முறை 9-பால் என்ற பூல் வகையில் உலகப் பட்டம்! ஸ்நூக்கரில் பெண்களுக்குப் பரிசுப் பணம் சொற்பமாக இருந்த காலத்தில் பூல் அவருக்குப் பிழைப்பும் கொடுத்தது, பேரும் கொடுத்தது. பெண் ஆட்டக்காரரின் வாழ்க்கையில் ஆட்டத் திறமைக்குச் சமமாகப் பணக் கணக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்பான்சர், அரசு வேலை, பரிசுத் தொகை இவை இருந்தால்தான் அடுத்த விமான டிக்கெட். ஜெயித்த பிறகு மாலை போடும் நாம், ஜெயிப்பதற்கு முன்னால் டிக்கெட் எடுத்துக் கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

நாஞ்சில் நாட்டுப் பிள்ளைகளுக்கு!

மாடியறையில் அண்ணாச்சியிடம் கடைசியாகக் கேட்டேன், இங்கே பெண் பிள்ளைகள் வருவார்களா என்று.

“அப்பன் கூட்டிட்டு வந்தா வரும். ரெண்டு நாள் நல்லா அடிக்கும். பொறவு பரீட்சைன்னுவாங்க, நேரமாச்சுன்னுவாங்க. மேசை இங்கனதான் கெடக்கு மக்களே, அது எங்க போவப் போவுது? வந்தா சொல்லிக் குடுக்கலாம்.”

அந்தப் பதிலில்தான் வழியும் இருக்கிறது. ஸ்நூக்கர் கூடம் என்றதும் சிகரெட் புகையும் வெட்டிப் பேச்சும்தான் பல வீடுகளுக்கு நினைவுக்கு வருகிறது. அந்த நினைப்பை மாற்றும் பொறுப்பு கூடம் நடத்துகிறவர்களுக்கு இருக்கிறது. வாரத்தில் சில காலை நேரங்களைப் பெண் பிள்ளைகளுக்கென்று ஒதுக்குங்கள். புகையைக் கீழே இறக்கிவிடுங்கள். சுத்தமான கழிப்பறை, நல்ல வெளிச்சம், அம்மாமார் உட்கார நாலு நாற்காலி போடுங்கள். இவ்வளவு செய்தால் போதும், பாதிக் கதவு திறந்துவிடும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. முதல் மாதம் எதையும் வாங்க வேண்டாம். கூடத்தில் கிடக்கும் பொதுக் கியூவே போதும். நேராக அடிக்கப் பழகட்டும். நடுக்கோட்டில் போன வெள்ளைப் பந்து டிப்புக்கே திரும்பி வருகிற நாள் வரட்டும், அப்புறம் சொந்தக் கியூவைப் பற்றிப் பேசலாம். ஆட்டம் பிடித்துவிட்டால் அடுத்த படி, தமிழ்நாடு பில்லியர்ட்ஸ் மற்றும் ஸ்நூக்கர் சங்கத்தின் மாநிலப் போட்டிகள். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் மாலை ஏறினால் காலையில் சென்னை. மாநிலத்தில் மேலே வந்தால் தேசியப் போட்டி, அங்கே ஜெயித்தால் இந்தியாவின் சட்டை. அனுபமா ஏறிப் போன ஏணி இதுதான், படிகள் அப்படியே இருக்கின்றன.

பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு கோரிக்கை. கோடை முகாமில் கராத்தே, நீச்சல், செஸ் என்று பட்டியல் போடும்போது ஸ்நூக்கரையும் ஒரு வரி சேருங்கள். ஊரில் இருக்கும் கூடத்தோடு பேசி வாரம் இரண்டு மணி நேரம் வாங்குங்கள். கோணம், வேகம், உராய்வு என்று இயற்பியல் பாடம் முழுவதையும் அந்த 12 அடித் துணியின் மேல் நடத்திவிடலாம்!

கோணக் கணக்கில் கெட்டி, பொறுமையில் அதைவிடக் கெட்டி, சொன்ன சொல்லில் நிற்கிற பிடிவாதம் என்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு எல்லாமே கைவசம் இருக்கிறது. அடுத்த மாநிலப் போட்டியின் பெயர்ப் பட்டியலில், ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே ‘கன்னியாகுமரி மாவட்டம்’ என்று அச்சாக வேண்டும். அதற்கு இந்த வாரமே ஒரு அப்பாவோ அம்மாவோ தன் மகளைக் கூட்டிக்கொண்டு மாடிப்படி ஏறினால் போதும். போங்க, கூட்டிட்டுப் போங்க!